ஹிஜாபில் ஆரம்பிக்காதீர்கள்: மேற்கும் முஸ்லிம் சமூகங்களும் பேசிக்கொள்ளும் ஒரு குழுவை நடத்துவது எப்படி

நான் முதன்முதலில் நடத்திய குழுவில் எட்டுப் பேர். ஜெர்மனி, நெதர்லாந்திலிருந்து நாலு பேர், எகிப்து, துனிசியா, ஜோர்டானிலிருந்து நாலு பேர். எல்லாரும் முப்பதை எட்டாத, வேலைக்குப் போகிற ஆட்கள். ஜூமில் இரண்டு மணி நேரம். அறிமுகம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நெதர்லாந்துப் பையன் ஒருவன், மரியாதையாகத்தான், அலெக்சாந்திரியாவிலிருந்து பேசிய பெண்ணிடம் கேட்டான்: "நீங்கள் ஏன் ஹிஜாப் போடுகிறீர்கள்?" அவர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிற எஞ்சினியர். பதில் சொன்னார். இன்னொருவர் அதிலிருந்து ஒரு கேள்வி எடுத்தார், அதற்கும் சொன்னார். அப்புறம் பலதார மணம், அப்புறம் ஷரியா. இரண்டு மணி நேரமும் இப்படியே போயிற்று. முடிந்ததும் ஐரோப்பியர் நாலு பேரும் அருமையான அனுபவம் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பெண் அடுத்த வாரம் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "விசாரணைக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது" என்றார், அவ்வளவுதான்.

தப்பு அந்தப் பையன் மேல் இல்லை, நெறியாளராக உட்கார்ந்திருந்த என் மேல்தான். யார் கேட்பது, யார் பதில் சொல்வது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதற்கப்புறம் நாலைந்து குழுக்கள் நடத்தியாகிவிட்டது, சில நன்றாகப் போயின, ஒன்று பாதியில் உடைந்தது. சென்னைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் "இவன் அவர்கள் ஆள்" என்று சொல்லிவிட முடியாத ஒருவர் நெறியாளராக வேண்டும் என்று தேடினார்கள், நான் மாட்டிக்கொண்டேன். லண்டனிலோ பாரிஸிலோ டொராண்டோவிலோ வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இந்த வாய்ப்பு வரும். படிக்கிற நீங்களே முஸ்லிமாக இருந்தால் இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்தே பார்த்திருப்பீர்கள், நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும்.

முதலில் அந்தப் பெயரை மறந்துவிடுங்கள்

"மேற்கு" என்பது ஒரு திசை. "முஸ்லிம்" என்பது ஒரு நம்பிக்கை. இரண்டையும் எதிரெதிரே உட்கார வைத்ததுமே சிக்கல் தொடங்கிவிடுகிறது. போஸ்னியாவில் பல நூற்றாண்டாக இருக்கிற முஸ்லிம் எந்தப் பக்கம்? ராட்டர்டாமில் பிறந்து வளர்ந்த மொராக்கோ வம்சாவளி நர்ஸ் எந்தப் பக்கம்? கெய்ரோவின் காப்டிக் கிறிஸ்தவர்? உலகத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகள் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம். நாலில் ஒன்றுகூட அரபு நாடு கிடையாது. ஆனாலும் "முஸ்லிம் உலகம்" என்றதும் ஒட்டகமும் பாலைவனமும் போட்டுத்தான் சுவரொட்டி அடிக்கிறார்கள்.

அதனால் உங்கள் குழுவுக்கு நாகரிகங்களின் பெயரை வைக்காதீர்கள். இரண்டு ஊரும் ஒரு தொழிலும் போதும். ராட்டர்டாம் நர்சுகளும் காசாபிளாங்கா மருந்தாளுநர்களும். ஹாம்பர்க், டூனிஸ் துறைமுகங்களில் வேலை செய்கிறவர்கள். பர்மிங்ஹாம், அம்மான் பள்ளி ஆசிரியர்கள். வேலைக்குப் போகிற இளைஞர்களை வைத்து நடத்துவதில் இருக்கிற பெரிய வசதியே இதுதான். கல்லூரி மாணவர்கள் சந்தித்தால் பேச்சு நேராகக் கொள்கைக்குப் போய்விடும். வேலை செய்கிறவர்களுக்கு முதல் நாளிலேயே பொதுவாகத் திட்டிக்கொள்ள ஒரு விஷயம் இருக்கும்: மேலதிகாரி, இரவுப் பணி, சம்பளம்.

பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஈரான் அதிபராக இருந்த கத்தாமி முன்வைத்த யோசனையை ஏற்று, 2001-ஐ நாகரிகங்களுக்கு இடையிலான உரையாடல் ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஸ்பெயினும் துருக்கியும் சேர்ந்து முன்னெடுக்க, 2005-ல் ஐ.நா.வின் நாகரிகங்களின் கூட்டணி பிறந்தது. ஐரோப்பா, வட அமெரிக்காவிலிருந்து இளைஞர்களை மத்திய கிழக்குக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருக்கிறவர்களை ஐரோப்பா, வட அமெரிக்காவுக்கும் அனுப்புகிற ஒரு ஃபெலோஷிப் அவர்களிடம் இருக்கிறது. கொலையுண்ட ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்டின் பெயரில் அதே 2005-ல் அலெக்சாந்திரியாவில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. மத்திய தரைக்கடலின் இரு கரை நாடுகளையும் இணைப்பது அதன் வேலை. 2003-ல் தொடங்கிய சோலியா என்ற அமைப்பு, கல்லூரி மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி வீடியோவில் வாராவாரம் சந்திக்க வைத்தது. 2018-ல் ஐரோப்பிய ஆணையம் எராஸ்மஸ் பிளஸ் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் இணையவழிப் பரிமாற்றத்துக்குப் பணம் போட்டது. பணம், பயிற்சி, அழைப்புக் கடிதம் தேவைப்பட்டால் இந்த இடங்களைப் பாருங்கள். குழு நடத்துவதற்கு இவர்கள் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆராய்ச்சி சொல்வதில் எனக்கு உதவிய மூன்று

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே சொல்லிவிட்டார்: இரண்டு கூட்டத்தாரைச் சும்மா சந்திக்க வைத்தால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. சந்திக்கிற இடத்திலாவது சமமான தகுதி, பொதுவான ஒரு குறிக்கோள், போட்டி இல்லாமல் கூடிச் செய்யும் வேலை, மேலே இருக்கிறவர்களின் ஆதரவு என்று நாலும் அமைய வேண்டும். 2006-ல் பெட்டிக்ரூவும் டிராப்பும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சந்திப்பு பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது, அந்த நாலும் அமைந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்று தெரிந்தது.

இரண்டாவது, எமில் புரூனோவும் ரெபெக்கா சாக்ஸும் 2012-ல் வெளியிட்டது. அரிசோனாவில் வெள்ளையரையும் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர்களையும், இன்னொரு பக்கம் இஸ்ரேலியரையும் பாலஸ்தீனரையும் இணையம் வழியாகப் பேச வைத்தார்கள். ஒருவர் தன் கஷ்டத்தை எழுத வேண்டும், மற்றவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதிகாரம் உள்ள தரப்பின் மனம், கேட்டுத் திருப்பிச் சொன்னபோது இளகியது. அதிகாரம் குறைந்த தரப்பின் மனம், தான் சொன்னதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டபோது இளகியது. என் முதல் குழுவிலும் அலெக்சாந்திரியாப் பெண்தானே பேசிக்கொண்டிருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். பேசவில்லை, பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்குச் சொல்ல வேண்டியிருந்த எதையும் அவர் சொல்லவில்லை, அவர் சொன்னதை யாரும் திருப்பிச் சொல்லவும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, தலைக்கனத்தைக் குறைப்பதும் அதுதான். சல்மா மூசா என்ற ஆய்வாளர், இராக்கில் ஐஎஸ்ஸால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்குக் கால்பந்துத் தொடர் நடத்தினார். சில அணிகளில் எல்லாரும் கிறிஸ்தவர்கள், சில அணிகளில் சில முஸ்லிம் ஆட்டக்காரர்களையும் சேர்த்தார். 2020-ல் முடிவு வெளியானது. கலப்பு அணியில் ஆடியவர்கள் முஸ்லிம் ஆட்டக்காரருக்கு விருது கொடுக்க ஓட்டுப் போட்டார்கள், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆடப் பெயர் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்தும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் மொசூல் நகரத்து உணவகத்துக்குப் போவதிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே உங்கள் குழுவில் எட்டுப் பேர் நண்பர்களாகிவிட்டால் நாகரிகங்களின் மோதல் தீர்ந்துவிட்டது என்று விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். எட்டுப் பேர் நண்பர்களானார்கள் என்றே எழுதுங்கள், அதுவே பெரிய விஷயம்.

ஆள் சேர்ப்பது

எட்டிலிருந்து பத்துப் பேர். பன்னிரண்டுக்கு மேல் போனால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மின்னஞ்சல் பார்ப்பார்கள். நெறியாளர் இரண்டு பேர் வேண்டும், பக்கத்துக்கு ஒருவர், அல்லது ஒருவராவது வெளியாள்.

ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களை மட்டும் எடுத்தால் கெய்ரோவின் அமெரிக்கப் பள்ளியில் படித்தவரும் பெர்லின் பட்டதாரியும்தான் கிடைப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஏற்கனவே ஒரே தொடர்களைப் பார்த்துவிட்டு ஒரே காபியைக் குடிக்கிறவர்கள். அவர்களுக்கு நடுவில் பாலம் போட நீங்கள் தேவையே இல்லை. தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசுகிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேராவது இருக்கட்டும், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவரும் இருக்கட்டும்.

ஒவ்வொரு பக்கத்துக்குள்ளேயும் வேறுபாடு இருக்க வேண்டும். ஒரு குழுவில் ஐந்து வேளை தொழுகிற ஜோர்டான் ஆசிரியரும், பீர் குடிக்கிற துனிசிய வக்கீலும் இருந்தார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சங்கடம், ஐரோப்பியர்களோடு இருந்ததைவிட அதிகம். "முஸ்லிம்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்ற கேள்வி அன்றோடு அந்தக் குழுவில் ஒழிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரம்: அற்பமாகத் தெரியும், பாதிக் குழு இதில்தான் உடையும்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்லித் தருவதில்லை. எகிப்திலும் ஜோர்டானிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. மொராக்கோ, துனிசியா, துருக்கி, லெபனானில் சனி, ஞாயிறு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, வெள்ளி அங்கே அரை நாள். எல்லாருக்கும் பொருந்துவது சனிக்கிழமை மட்டும்தான். வெள்ளி மதியத்தை நினைக்கவே வேண்டாம், ஜும்ஆ தொழுகை. ஞாயிறு மாலை ஐரோப்பியர்களுக்கு ஓய்வு, கெய்ரோக்காரருக்கு அலுவலகத்தில் நாள் முழுக்க உழைத்த களைப்பு. ஏற்பாடு செய்கிறவர்கள் எப்போதும் ஐரோப்பியரின் வசதியைப் பார்த்து ஞாயிறு வைப்பார்கள், நான் சொல்கிற சமமின்மை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம் கடிகாரம். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளும். எகிப்து 2023-லிருந்து மறுபடியும் கோடை நேரத்தைக் கொண்டுவந்திருக்கிறது, ஆனால் அது ஏப்ரல் கடைசி வெள்ளியன்றுதான் மாறும். அதனால் வழக்கமாக ஒரு மணி நேரம் வித்தியாசமுள்ள பெர்லினும் கெய்ரோவும் நடுவில் ஒரு மாதம் ஒரே நேரத்தில் ஓடும். ஜோர்டான் 2022-க்குப் பிறகு மாற்றுவதே இல்லை, துருக்கி 2016-லிருந்தே மாற்றுவதில்லை. மொராக்கோ இருக்கிறதே, ஆண்டு முழுக்கக் கோடை நேரத்தில் இருந்துவிட்டு ரமலானுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் காசாபிளாங்காக்காரர்களுக்காக இருபது நிமிடம் காத்திருந்து, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஒருவர் முணுமுணுத்து, எல்லாரும் கலைந்துவிட்டோம். நாற்பது நிமிடம் கழித்து அவர்கள், சொன்ன நேரத்துக்குச் சரியாக, உள்ளே வந்து யாருமில்லாத திரையைப் பார்த்தார்கள். அந்த முணுமுணுப்பைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அழைப்பில் ஒவ்வொரு ஊரின் நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள், ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சரிபாருங்கள்.

ரமலான் ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். 2024-ல் மார்ச் 11 வாக்கில், 2025-ல் மார்ச் 1 வாக்கில், 2026-ல் பிப்ரவரி 18 வாக்கில் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. நோன்பு மாதத்தில் வைக்கவே கூடாது என்றில்லை, இஃப்தாருக்கு அரை மணி முன்னால் வைக்காதீர்கள். அதேபோல் ஆகஸ்டில் ஐரோப்பியர் யாரும் கிடைக்க மாட்டார்கள், அது அவர்களுடைய விரதம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கேமராவை எல்லாரும் போட்டே ஆக வேண்டும் என்று விதி வைக்காதீர்கள். பெய்ரூட்டில் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, டேட்டா காசு, வீட்டில் தனி அறை இல்லை, பின்னால் தம்பி தூங்குகிறான். பாரிஸ்காரருக்கு இது எதுவும் தோன்றாது, முகத்தைக் காட்ட மறுக்கிறார் என்றே நினைப்பார்.

முதல் இரண்டு சந்திப்புகள்

மதம் வேண்டாம். அரசியலும் வேண்டாம். "உங்கள் வேலைமேஜையில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக் காட்டுங்கள், அதைப் பற்றி மூன்று நிமிடம் பேசுங்கள்." நான் வைத்துப் பார்த்ததில் இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்கவில்லை. அலெக்சாந்திரியாப் பெண்ணை எப்படியோ கெஞ்சி அடுத்த குழுவுக்கு வரவழைத்திருந்தேன். அவர் மூடி போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார், உள்ளே பழுப்புத் தண்ணீர். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வரும் நீரின் மாதிரி, முதல் நாள் வேலையில் எடுத்ததாம், ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாராம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த குழாய் வேலை மேற்பார்வையாளர், உங்கள் ஊரில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயிலா என்று கேட்க, அடுத்த அரை மணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஹிஜாப் பற்றி நாலாவது வாரத்தில் அவரே பேசினார், சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது.

கேள்விக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கேட்பவர் முதலில் தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். "உங்கள் குடும்பத்தில் யார் முடிவெடுப்பார்கள்?" என்று கேட்கிறவர் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும். "உங்கள் மதத்தில் ஏன் இப்படி?" என்ற கேள்விகள் தானாக வடிந்துவிடும், ஏனென்றால் கேட்பவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரே சொல், மூன்று அர்த்தம்

மூன்றாவது வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் எடுப்பது செக்யூலர். நமக்குத் தமிழில் மதச்சார்பின்மை என்றால் அரசு எந்த மதத்தின் பக்கமும் சாயாமல் இருப்பது, விநாயகர் சதுர்த்திக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவு விடுவது. பிரெஞ்சுக்காரருக்கு லாயிசித்தே, 1905 சட்டம், மதத்தை அரசிலிருந்து பிரித்து வெளியே நிறுத்துவது. 2004-லிருந்து அரசுப் பள்ளியில் மாணவர்கள் பளிச்சென்று தெரிகிற மத அடையாளம் எதுவும் அணியக் கூடாது என்பதும் அதிலிருந்தே வருகிறது. அரபியில் அல்மானிய்யா என்றால் பலர் காதில் அது கடவுள் மறுப்பு என்றே விழும். இப்போது இந்த மூன்று பேரும் ஆங்கிலத்தில் "செக்யூலர் அரசு வேண்டுமா?" என்று விவாதித்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, மூன்று பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசினோம் என்பதே தெரியாமல் எழுந்து போவார்கள். "இந்தச் சொல்லை உங்கள் பாட்டி எப்படிப் புரிந்துகொள்வார்?" என்று கேளுங்கள், வேலை செய்யும். ஜிஹாத், கருத்துச் சுதந்திரம், கௌரவம் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம்.

சூடான வாரம்

ஐந்தாவது வாரம் ஒரு பயிற்சி. ஒவ்வொருவரும் மூன்று ஆண்டுகளைக் காகிதத்தில் எழுத வேண்டும்: மேற்குக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான கதை உங்களுக்கு எங்கே தொடங்குகிறது? ஒருவர் 2001 எழுதுவார், பாரிஸ்காரர் 2015, அவர் ஊரில் பயங்கரவாதத் தாக்குதல்கள் நடந்த ஆண்டு. எகிப்தியர் 1798, நெப்போலியன் வந்து இறங்கிய ஆண்டு, இன்னொருவர் 1948, இஸ்ரேல் உருவான ஆண்டு. இராக் என்றாலே 2003. நியூசிலாந்தில் உறவினர் இருக்கிற ஒருவர் 2019 என்று எழுதினார், கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட ஆண்டு. ஸ்பானியப் பெண் ஒருவர் 1492 என்று எழுதி, கிரனாடா என்று மட்டும் சொன்னார், ஸ்பெயினில் கடைசி முஸ்லிம் அரசு வீழ்ந்த இடம். காகிதங்களை ஒரே நேரத்தில் திரையில் காட்டச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

டென்மார்க் கார்ட்டூன் விவகாரத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். 2005 செப்டம்பர் 30 அன்று ஒரு டேனிஷ் பத்திரிகையில் முகம்மது நபியைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்கள் வந்தன. அக்டோபரில் 11 நாடுகளின் தூதர்கள் பிரதமரைச் சந்திக்க நேரம் கேட்டார்கள், அவர் மறுத்தார், பத்திரிகை அரசின் கையில் இல்லை என்பது அவர் வாதம். 2006 தொடக்கத்தில் டேனிஷ் வெண்ணெயும் பாலும் அரபு நாட்டுக் கடைகளிலிருந்து இறங்கின, பிப்ரவரியில் டமாஸ்கஸில் தூதரகம் எரிந்தது. ஐரோப்பியர் கதையைச் சொன்னால் படத்தில் தொடங்கித் தீயில் முடிப்பார்கள். மற்றவர்கள் சொன்னால் அந்த மறுக்கப்பட்ட சந்திப்பில் நின்று நிதானமாகப் பேசுவார்கள். ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்று ஜோர்டான்காரர் சொன்னபோது டேனிஷ்காரர் ஒருவர், அந்தச் சந்திப்பு எனக்கு நினைவிலேயே இல்லை என்றார்.

காஸா வராமல் இருக்காது. 2023 அக்டோபருக்குப் பிறகு அதைத் தவிர்த்து ஒரு குழு நடத்த முடியும் என்று நினைக்கிறவர் குழுவே நடத்தியிருக்க மாட்டார். யாருக்காவது அங்கே குடும்பம் இருக்கிறதா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இஸ்ரேலிலும் சரி, காஸாவிலும் சரி. எந்தக் கண்டனமும் நுழைவுச்சீட்டு ஆகக் கூடாது: முஸ்லிம்களைப் பார்த்து முதலில் பயங்கரவாதத்தைக் கண்டியுங்கள் என்பதும், ஜெர்மானியரைப் பார்த்து முதலில் உங்கள் அரசின் ஆயுத ஏற்றுமதிக்குப் பதில் சொல்லுங்கள் என்பதும் ஒரே மாதிரிதான். அங்கே வந்திருப்பது நர்சும் வக்கீலும், அரசுகள் இல்லை. அன்று புரூனோ முறையை மட்டும் வையுங்கள்: ஒருவர் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும், அடுத்தவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகுதான் பதில். மெதுவாகப் போகும். கோபம் வந்தால் வரட்டும். ஒருவர் எழுந்து போனால் இணை நெறியாளர் உடனே அவரைத் தனியாகக் கூப்பிட வேண்டும், இரண்டு நெறியாளர் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். என் குழு ஒன்று உடைந்தது இங்கேதான், அன்று நான் தனியாள்.

புகைப்படம் எடுக்காதீர்கள்

ஐரோப்பியருக்கு இது அசட்டுத்தனமாகத் தெரியும். லெபனானில் 1955-லிருந்து ஒரு புறக்கணிப்புச் சட்டம் இருக்கிறது, இஸ்ரேலியரோடு தொடர்பு வைப்பதே குற்றம். சட்டம் இல்லாத ஊரிலும், இஸ்ரேலியர் இருக்கும் ஒரு படத்தில் நீங்களும் இருந்தால் "தத்பீஃ" என்று, அதாவது எதிரியோடு சகஜமாகிவிட்டாய் என்று, அலுவலகத்திலும் சொந்தக்காரர்களிடமும் பதில் சொல்ல வேண்டிவரும். நிதி கொடுப்பவர்களோ சிரித்த முகங்களோடு குழுப்படம் கேட்பார்கள். வேண்டுமென்றால் மேஜை மேல் இருந்த பொருட்களைப் படமெடுத்து அனுப்புங்கள், நான் அந்தக் குப்பியின் படத்தை அனுப்பினேன்.

படத்துக்குச் சம்மதமா என்பதைக் குழுவில் கேட்காதீர்கள், எல்லார் முன்னாலும் யாராலும் மறுக்க முடியாது. தனித்தனியாகக் கேளுங்கள். பதிவு கிடையாது. பேசியதை வெளியே சொல்லலாம், யார் சொன்னார் என்பதைச் சொல்லக் கூடாது. சாத்தம் ஹவுஸ் விதி என்று 1927-லிருந்து இருப்பது இதுதான்.

நேரில் சந்திப்பதென்றால்

பெர்லினில் வைத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பியர் உற்சாகமாகச் சொல்வார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, முதலாளி கடிதம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும், ஆனால் நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே தனிப் போராட்டம். நம் ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், ஐரோப்பியருக்குத்தான் சொல்ல வேண்டும். கடைசியில் நாலு ஐரோப்பியரும் ஒரே ஒரு துனிசியரும் வந்து நிற்பார்கள். ஆல்போர்ட் சொன்ன சமத்துவம் அங்கேயே போயிற்று. இஸ்தான்புல்லை யோசியுங்கள், ஜெர்மானியர், துனிசியர், மொராக்கோக்காரர், ஜோர்டானியர் குறுகிய பயணமாக விசா இல்லாமலே போகலாம். எகிப்தியருக்கு வேறு விதி, டிக்கெட் போடுமுன் பாருங்கள்.

சாப்பாட்டுக்குச் சைவம் சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி தீரும். மாலை நிகழ்ச்சியை பாரில் வைக்காதீர்கள், குடிக்கிறவர்கள் அப்புறம் போய்க்கொள்ளட்டும். கை கொடுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணங்குகிறவர் இருப்பார், நமக்கு அது புரியும், டச்சுக்காரர் முகம் சிவந்துவிடும், முன்பே சொல்லிவையுங்கள். தொழ ஒரு சுத்தமான சின்ன அறை போதும். அதை வேடிக்கை பார்க்க யாரையும் கூட்டிப்போக வேண்டாம், எல்லா முஸ்லிமும் தொழுவார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஐரோப்பாவிலேயே இருந்தால் இவ்வளவுகூடத் தேவையில்லை. ஜெர்மனியில் 1997-லிருந்து ஒவ்வொரு அக்டோபர் 3-ம் தேதியும் மசூதிகள் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைக்கின்றன. லண்டனில் 2013-ல் மாணவர்கள் தொடங்கிய திறந்தவெளி இஃப்தார் 2023-ல் செல்சீ கால்பந்து மைதானம் வரை போனது. எனக்கு இதில் இருக்கும் ஒரே குறை, எப்போதும் முஸ்லிம்களே சமைத்து, அவர்களே விளக்கம் சொல்லி, அவர்களே பாத்திரம் கழுவுகிறார்கள். போய்ச் சாப்பிட்டால் அடுத்த மாதம் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

சேர்ந்து ஒரு வேலை

கடைசி மூன்று வாரம் பேச்சைக் குறைத்து வேலை. கூட்டறிக்கை எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை. ராட்டர்டாம், காசாபிளாங்கா குழுவில் ஒரு நர்ஸ் தன் வார்டில் வருகிற தொல்லையைச் சொன்னார்: சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைப்பார்கள், மருத்துவரிடம் சொல்ல மாட்டார்கள், மாத்திரை நேரத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டு மயங்கி வருவார்கள். காசாபிளாங்கா மருந்தாளுநர் சிரித்தார், அவர் கடையில் ரமலானுக்கு முந்தைய வாரம் இதே கேள்விதான் நாள் முழுக்க. இரண்டு பேரும் ஒரு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தார்கள்: நோன்புக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் நோன்பை முறிக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் திருத்திக் கொடுத்தார். டச்சிலும் அரபியிலும் அச்சடிக்கத் தயாராக இருந்தபோது, இதுவரை அதிகம் பேசாத இன்னொரு நர்ஸ், மொராக்கோ வம்சாவளி, கை தூக்கினார். ராட்டர்டாமில் இருக்கும் பாட்டிகள் பெரும்பாலும் மொராக்கோவின் ரிஃப் மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பேசுவது அந்த மலைப் பக்கத்து மொழியான தரிஃபித், அரபி படிக்கத் தெரியாது, டச்சும் தெரியாது, இந்தத் தாளை யாருக்காக அடிக்கிறீர்கள் என்றார்.

அவர் தன் அம்மாவுக்கு போன் போட்டார். அம்மா சமையலறையில் நின்றபடியே தரிஃபித்தில் முழுத் தாளையும் வாட்ஸாப்பில் பேசி அனுப்பினார், மூன்றரை நிமிடம், பின்னால் குக்கர் சீறுகிறது. இப்போது வார்டில் அந்த ஒலிப்பதிவைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். தாளும் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ரமலான் பதினோரு நாள் முன்னால் நகர்வதால் மேலே இருக்கும் தேதியை மட்டும் மாற்ற வேண்டும், அந்த வேலையை முதல் நாள் ஹிஜாப் கேட்ட நெதர்லாந்துப் பையனிடம் கொடுத்திருக்கிறேன்.